செவிலியர் சீருடையின் நூறு ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் என்றதும் நம் மனத்தில் எழும் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் பெரும்பாலும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் வடிவம் பெற்று உலகம் முழுவதும் போனவை. அதனால் இங்குள்ள பதில்கள் பிரிட்டனை மையமாகக் கொண்டவை. தேவையான இடத்தில் அமெரிக்காவும் இந்தியாவும் வரும். பழைய புகைப்படங்களைப் பார்த்து "எவ்வளவு அழகான உடை" என்று வியப்பவர்கள் பலர். அந்த உடையை அணிந்து நாள் முழுவதும் வார்டில் நின்றவரின் பக்கத்திலிருந்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

1900ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் என்ன அணிந்திருந்தார்?

கணுக்கால்வரை தொங்கும் பருத்தி கவுன். அதனடியில் உள்பாவாடை, இடுப்பை இறுக்கும் கார்செட், கறுப்புக் காலுறை. கவுனுக்கு மேல் மார்பையும் சேர்த்து மூடும் வெள்ளை ஏப்ரன். கழுத்தில், கஞ்சி போட்டு விறைக்கவைத்த தனிக் காலர். மணிக்கட்டில் அதேபோல் விறைப்பான தனிக் கஃப். தலையில் வெள்ளைத் தொப்பி. சில மருத்துவமனைகளில் அதன் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சிட வேண்டும். இவையெல்லாம் வார்டுக்குள் அணிபவை. வெளியே போவதற்குத் தனியாக மேலங்கியும், பின்னால் துணி தொங்கும் பானெட் என்ற தொப்பியும் இருந்தன.

அவர் செய்த வேலையோ படுக்கைப் பாத்திரம் கழுவுவது, நோயாளியைத் தூக்கிப் புரட்டுவது, கணப்பில் நிலக்கரி போடுவது, பித்தளையைத் துலக்குவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தால்தான் இவற்றைச் செய்ய முடியும். மருத்துவரோ, செவிலியர்களின் தலைவியான மேட்ரனோ வார்டுக்குள் நுழைந்தால், மடித்த கையை இறக்கிவிட்டு, கழற்றி வைத்த கஃபை மாட்டிக்கொண்டு அவர்கள் எதிரில் நிற்க வேண்டும். வேலைக்கு ஓர் உடை, மரியாதைக்கு ஓர் உடை என்ற இரண்டு தேவைகளையும் ஒரே உடையில் திணித்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் இந்த முரண்பாட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்தவைதான்.

இந்த வடிவம் கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்ததா, வீட்டு வேலைக்காரர்களிடமிருந்து வந்ததா?

இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில் 1836இல் தியோடர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் புராட்டஸ்டன்ட் பெண்களுக்குச் செவிலியப் பயிற்சி தொடங்கினார். அவர்கள் நீல கவுனும் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் அணிந்தார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே பயிற்சி பெற்றவர். 1854இல் கிரிமியப் போருக்காக அவர் துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு அழைத்துப்போன செவிலியர்களுக்குச் சாம்பல் நிற முரட்டு ட்வீட் கவுன் கொடுக்கப்பட்டது; மருத்துவமனையின் பெயரை எம்பிராய்டரி செய்த பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். படைவீரர்கள் நிறைந்த அந்த ஊரில் பெண்கள் பாதுகாப்பாக நடமாட அந்த அடையாளம் தேவைப்பட்டது.

வேலைக்காரர் உடையின் சாயல் இருந்ததால் எதிர்ப்பும் எழுந்தது. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனைப் பள்ளியில் 1870களில் படித்த மாணவிகள், சீருடை தங்களைப் பணிப்பெண்களாகக் காட்டும் என்று மறுத்தார்கள். யூஃபீமியா வான் ரென்சலேர் என்ற செல்வந்தக் குடும்பத்துப் பெண் 1876இல் நீலமும் வெள்ளையும் கோடிட்ட துணியில் கவுன், ஏப்ரன், காலர், கஃப், தொப்பி என்று நேர்த்தியாக வடிவமைத்து அணிந்துவந்த பிறகே மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உடை மாறியதைவிட, அதை அணிந்தவர் யார் என்பதே அவர்களை மாற்றியது என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் செவிலியர் எடித் கேவெல் 1907இல் பிரஸ்ஸல்ஸில் செவிலியர் பள்ளியை நடத்தத் தொடங்கியபோது, அவருடைய மாணவிகளின் நீல கவுனும் வெள்ளை ஏப்ரனும் அந்த ஊருக்குப் புதுமை. கனத்த விறைப்பான அங்கியில் கன்னியாஸ்திரீகளும், அழுக்கேறிய உடையில் கூலிச் செவிலியரும் இருந்த இடத்தில், தம் மாணவிகளின் உடை சுகாதாரமற்ற கடந்த காலத்துக்கும் அறிவொளி பெற்ற நிகழ்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது என்று அவர் பெருமையோடு எழுதினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதியில் சிக்கிய நேச நாட்டு வீரர்கள் தப்ப உதவியதற்காக 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியப் படை சுட்டுக்கொன்ற அதே கேவெல்தான்.

வெள்ளை ஏன்?

கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற பிறகு, அழுக்கு உடனே கண்ணில் படும் நிறமாகவும் கொதிக்கவைத்து வெளுக்க ஏற்ற நிறமாகவும் வெள்ளை மதிப்புப் பெற்றது. ஆனால் பிரிட்டனில் ஏப்ரனும் தொப்பியும்தான் வெள்ளை. கவுன் நீலமாகவோ கோடிட்டதாகவோ இருந்தது. படிப்பு முடித்த செவிலியர் தலைமுதல் கால்வரை வெள்ளை அணியும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது.

வெள்ளை என்பதாலேயே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஏப்ரனைத் தினமும் மாற்றினாலும் அடியிலுள்ள கவுனைப் பல நாள் அணிந்தார்கள்.

உடையைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிட முடியுமா?

அந்த மருத்துவமனையைத் தெரிந்திருந்தால் முடியும். பயிற்சி மாணவிக்குக் கோடிட்ட துணி, வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டருக்குக் கருநீலம் என்பது பரவலான வழக்கம். பெல்ட்டின் நிறம் அல்லது தொப்பியிலுள்ள பட்டையின் எண்ணிக்கை, எத்தனையாவது ஆண்டு மாணவி என்பதைக் காட்டியது. பதிவுபெற்ற செவிலியரானதும் இடுப்புப் பெல்ட்டில் வெள்ளி பக்கிள் ஏறும். அதைப் பெற்றோரோ பாட்டியோ வாங்கித் தருவதுண்டு. பலர் ஓய்வு பெறும்வரை அதே பக்கிளை அணிந்தார்கள். அடுத்த ஊர் மருத்துவமனைக்குப் போனால் இந்தக் கணக்கு முழுவதும் வேறாக இருக்கும். நோயாளிகளுக்கு இது புரிந்ததா என்பது வேறு விஷயம். பெரும்பாலானவர்களுக்குக் கருநீலம் மட்டும் புரிந்திருக்கும், அது போதுமானதாகவும் இருந்தது.

நெஞ்சில் கடிகாரம் தலைகீழாகத் தொங்குவது ஏன்?

குனிந்து பார்ப்பவருக்கு நேராகத் தெரிவதற்காக. நாடித்துடிப்பை எண்ண விநாடி முள் வேண்டும்; மணிக்கட்டில் கட்டினால் கையைச் சரியாகக் கழுவ முடியாது. சீருடையின் எல்லா உறுப்புகளிலும் முழுக்க முழுக்க வேலையிலிருந்து பிறந்தது இதுதான். இன்றும் நிலைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

முதல் உலகப் போர் எதை மாற்றியது?

முதலில், பாவாடையின் நீளத்தை. கூடாரங்களுக்கிடையே சேற்றில் நடப்பவரால் கணுக்கால்வரை தொங்கும் கவுனை அணிய முடியாது. போர் முடிவதற்குள் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, பிறகு கீழே இறங்கவில்லை.

இரண்டாவது மாற்றம் ஆழமானது. ராணுவத்தின் முறையான செவிலியர் அமைப்பு 1902இல் அரசி அலெக்சாண்ட்ராவின் பெயரில் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் சாம்பல் நிற கவுனும், தோளை மூடும் சிவப்புக் குட்டைப் போர்வையான கேப்பும், தலையில் வெள்ளை முக்காடும் அணிந்தார்கள். போர் நெருக்கடியில் தன்னார்வ உதவிப் பிரிவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள்: செஞ்சிலுவைச் சங்கத்தினர் நீலத்தில், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பினர் சாம்பலில். சில வாரப் பயிற்சியோடு வந்தவர்களும் மூன்று ஆண்டு பயின்றவர்களும் ஒரே வார்டில் நின்றார்கள். ஏப்ரனின் மார்பில் பெரிய செஞ்சிலுவை தாங்கிய தன்னார்வலரே சுவரொட்டிகளில் இடம்பிடித்தார். பயின்ற செவிலியர்களுக்கு இது வேதனையாக இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. அதற்கு முன்பே, குழந்தை பார்க்கும் ஆயாக்கள்கூட நர்ஸின் மேலங்கியையும் பானெட்டையும் அணிந்து தெருவில் நடக்கிறார்கள் என்ற புகார் செவிலியர் இதழ்களில் வந்துகொண்டிருந்தது.

அந்த உடையை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம் என்றிருக்கும்வரை அதனால் ஒரு தொழிலைக் காக்க முடியாது. தீர்வு தையல்காரரிடம் இல்லை, சட்டத்தில்தான் இருந்தது. 1919இல் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. அதற்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் போராடிய எதெல் கோர்டன் ஃபென்விக்கின் பெயர் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது. அதன்பின் பதிவு எண்ணும் பேட்ஜும் சொல்லும் சேதியை உடை மட்டும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது.

பழைய சினிமாக்களில் நர்ஸின் தொப்பியில் சிவப்புச் சிலுவை இருக்கிறதே, அது உண்மையா?

சாதாரண மருத்துவமனைச் செவிலியருக்கு அது உரியதல்ல. 1864 ஜெனீவா உடன்படிக்கை போர்க்களத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கக்கூடாது என்பதற்காக உருவாக்கிய பாதுகாப்புச் சின்னம் அது. ராணுவ மருத்துவப் பிரிவுகளும் செஞ்சிலுவை அமைப்புகளும்தான் பயன்படுத்தலாம். இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் மற்றவர்கள் அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. உலகப் போர்ச் சுவரொட்டிகளின் படிமம்தான் சினிமா ஒப்பனை அறைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

கஞ்சி போட்ட காலரையும் ஏப்ரனையும் யார் துவைத்தார்கள்?

பெரிய மருத்துவமனைகளில் சொந்தச் சலவைக்கூடம் இருந்தது. செவிலியர் விடுதியில் தங்கியிருந்தவர்கள் வாரம் ஒருமுறை பெயர் தைத்த துணிகளை மூட்டையாகக் கொடுப்பார்கள். கொதிகலனில் வெளுத்து, நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சியில் தோய்த்து, சூடான உருளைகளுக்கிடையே விட்டு எடுத்தால், தொப்பி தட்டையான பலகைத் துண்டுபோல் திரும்பிவரும். அதை மடித்து, கொசுவி, ஊசி குத்தி உருவம் கொடுப்பது அவரவர் பொறுப்பு. புதிய மாணவிக்கு மூத்த மாணவி சொல்லிக்கொடுக்கும் முதல் கைவேலை பெரும்பாலும் இதுதான்.

விறைத்த காலரின் விளிம்பு கழுத்தை அறுத்துச் சிவக்கவைக்கும். குட்டைக் கை கவுன் வந்த பிறகு, மடித்த கையின் விளிம்பை மறைக்க எலாஸ்டிக் வைத்த வெள்ளைச் சுருக்கப் பட்டை ஒன்றை மேல்கையில் போட்டார்கள். அது பல தசாப்தங்கள் நீடித்தது. இவ்வளவு உழைப்பும் சலவைக்கூடத்தில் வேலை செய்த பெண்களின் உழைப்பு. செவிலியரின் புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த வெண்மையை உண்டாக்கியவர்களின் படங்கள் அரிது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாம் உலகப் போரில் இந்த முறைக்கு முதல் அடி விழுந்தது. பிரிட்டனில் 1941இல் துணிக்கும் 1942இல் சோப்புக்கும் ரேஷன் வந்தது. விறைப்பான கஃப்களையும் காலர்களையும் பல மருத்துவமனைகள் குறைத்துக்கொண்டன.

செவிலியர்கள் பேன்ட் அணியத் தொடங்கியது எப்போது?

போர்முனையில், 1940களில். சாம்பல் கவுனும் சிவப்புக் கேப்பும் பாலைவன மணலுக்கும் பர்மாக் காட்டுக்கும் சரிப்படவில்லை. மலேரியாக் கொசுவிடமிருந்து தப்ப முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் பூட்ஸும் வந்தன. 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவச் செவிலியர்கள் காக்கிப் போர் உடையில்தான் இறங்கினார்கள்.

அமெரிக்கர்களின் கதை இன்னும் கடுமையானது. 1942இல் பிலிப்பைன்ஸின் படான் தீபகற்பத்தில், திறந்தவெளிக் காட்டு மருத்துவமனைகளில் பணியாற்றிய செவிலியர்கள் வெள்ளைச் சீருடையை விட்டுவிட்டு, ஆண்களுக்காகத் தைத்த விமானப்படை ஓவரால்களை (சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகத் தைத்த உடை) கையையும் காலையும் சுருட்டிவிட்டு அணிந்தார்கள். பிறகு ஜப்பானியரிடம் பிடிபட்ட 77 ராணுவ, கடற்படைச் செவிலியர்களும் சிறை முகாம்களிலிருந்து 1945இல் உயிரோடு மீண்டார்கள். மணிலாவின் சாந்தோ தோமாஸ் முகாமில் அவர்களுடைய தலைவி மாட் டேவிசன், பணி நேரத்தில் அனைவரும் காக்கிச் சட்டையும் பாவாடையும் அணிந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். பட்டினி கிடக்கும் முகாமில் இது எதற்கு என்று கேட்கலாம். பணி அட்டவணையும் அந்த உடையும் அவர்களைக் கைதிகளாக மட்டும் ஆகிவிடாமல் காத்தன என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சீருடையின் சுமையைப் பற்றி இவ்வளவு சொல்லும் நான், அதன் வலிமையையும் சொல்லியாக வேண்டும்.

போர் முடிந்ததும் பொது மருத்துவமனைகளில் பேன்ட் மறைந்தது. கவுனே திரும்பிவந்தது. பெண் செவிலியர் வார்டில் பேன்ட் அணிவது இயல்பாக இன்னும் பல தசாப்தங்கள் ஆயின.

தொப்பி எப்படி வந்தது, எப்படிப் போனது?

தொப்பிமீது மனக்குறை தொடக்கத்திலிருந்தே உண்டு. ஸ்குட்டாரிக்குப் போன லாஃபீல்ட் என்ற செவிலியர், எல்லாவற்றுக்கும் பணிந்துபோகத் தயாராக வந்ததாகவும், தொப்பி ஒவ்வொரு முகத்துக்கு ஒவ்வொரு விதமாகப் பொருந்தும் என்பதால் இதைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் வந்தே இருக்க மாட்டார் என்றும் நைட்டிங்கேலிடம் முறையிட்டார். நைட்டிங்கேலே 1854 நவம்பரில் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார்.

தலைமுடியை முழுக்க மூடுவதே தொப்பியின் முதல் வேலை. 20ஆம் நூற்றாண்டில் அது படிப்படியாகச் சிறுத்து உச்சந்தலையில் ஊசியால் குத்தி நிற்கும் அடையாளமாக மாறியது. முடியை மூடும் வேலையை அது செய்வதே இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி வடிவம் இருந்தது. முதற்கட்டப் பயிற்சியை முடித்த மாணவிக்கு மெழுகுவத்தி ஏற்றிய விழாவில் தொப்பி சூட்டுவார்கள். படிப்பு முடிந்ததும் அதில் கறுப்புப் பட்டை ஏறும். அந்த விழாவை நினைத்து நெகிழும் முதிய செவிலியர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் உழைத்துப் பெற்ற மரியாதை அது.

ஆனாலும் தொப்பி போனது சரி என்பதே என் கருத்து. 1960களில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகின. ட்ரிப் குழாய், திரை, கருவிக் கம்பி என்று எதிலாவது தொப்பி மாட்டும். குனிந்தால் கழன்று விழும். அடிக்கடி துவைக்கப்படாததால் சுத்தமும் இல்லை. பிரிட்டனில் கஞ்சித் துணிக்குப் பதில் காகிதத் தொப்பி வந்தது. காகிதமான பிறகு அதற்கு வேலையும் இல்லை, பழைய பெருமையும் இல்லை. ஆண்கள் தொப்பி இல்லாமலேயே செவிலியராக இருக்க முடிகிறபோது பெண்களுக்கு மட்டும் எதற்கு என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. 1970களிலும் 80களிலும் ஒவ்வொரு மருத்துவமனையாக அது மறைந்தது.

ஆண் செவிலியர்கள் என்ன அணிந்தார்கள்?

மனநல மருத்துவமனைகளில்தான் அவர்கள் அதிகம். அங்கே தொடக்கத்தில் நீலக் கோட்டு, முன்விளிம்பு வைத்த தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து என்று சிறைக்காவலர் தோற்றத்தில் இருந்தார்கள். பிறகு உயர்ந்த கழுத்தும் பக்கவாட்டுப் பித்தானும் வைத்த வெள்ளைக் குட்டைக் கோட்டு வந்தது. பிரிட்டனில் தனியாக வைக்கப்பட்டிருந்த ஆண்கள் பதிவேடு 1951இல் பொதுப் பதிவேட்டோடு இணைந்தது. செவிலியர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1960இல்தான் ஆண்களை உறுப்பினராகச் சேர்த்தது. மனநல வார்டுகளில் பின்னர் சீருடையே கைவிடப்பட்டது. நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதே சிகிச்சை என்றான பிறகு, சாவிக்கொத்தும் வெள்ளைக் கோட்டும் இடையில் நிற்கும் சுவர்களாகிவிட்டன.

ஆபரேஷன் தியேட்டரில் பச்சை எப்படி வந்தது?

பிரகாசமான விளக்கின் கீழ் வெள்ளைத் துணி கண்ணைக் கூசவைக்கும். சிவப்பு ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சைச் சாயல் மிதக்கும். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹாரி ஷெர்மன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1914இல் கீரைப் பச்சையைப் புகுத்தினார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது பரவலானது. தலைவழியே மாட்டும் தளர்ந்த சட்டை, நாடா வைத்த பேன்ட் என்ற இந்தத் தியேட்டர் உடையே, பின்னர் 'ஸ்க்ரப்ஸ்' என்ற பெயரில் வார்டுக்கு வந்தது.

தியேட்டரின் ரப்பர் கையுறைக்கும் ஒரு செவிலியர்தான் காரணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியால் புண்ணானதைக் கண்ட வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். 1890இல் இருவரும் மணந்துகொண்டார்கள். நோயாளியைக் காக்கும் என்று நாம் நம்பும் கையுறை, ஒரு செவிலியரின் கையைக் காக்கப் பிறந்தது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்?

பிரிட்டிஷ் ஆட்சியில் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் செவிலியர்கள் கவுனும் தொப்பியும் அணிந்தார்கள். மிஷன் மருத்துவமனைகளில் இந்தியப் பெண்கள் பயிலத் தொடங்கியபோது வெள்ளைச் சேலை சீருடையானது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்கச் செவிலியரின் உதவியோடு 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. வீட்டை விட்டு வந்து, அந்நிய ஆண்களைத் தொட்டுப் பராமரிக்கும் வேலைக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்குச் சேலை ஓரளவு ஆறுதல் தந்திருக்கும்.

வேலைக்குச் சேலை எளிதல்ல. குனிந்தால் முந்தானை புண்ணில் படும், அதனால் தோளில் பின் குத்தி இடுப்பில் செருக வேண்டும். அவசரத்துக்கு ஓடும்போது கொசுவம் காலில் தட்டும். இன்று பல மருத்துவமனைகளில் சல்வாரும் பேன்ட் சட்டையும் வந்திருப்பதை, பாரம்பரியம் போய்விட்டதே என்று கவலைப்படுபவர்கள் ஓர் இரவுப் பணியை அருகிலிருந்து பார்க்க வேண்டும். இலங்கை அரசு மருத்துவமனைகளில் வெள்ளை கவுனும் தொப்பியும் 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன.

துணியில் நடந்த பெரிய மாற்றம் எது?

போருக்குப் பின் வந்த நைலானும், பாலியஸ்டர் கலந்த பருத்தியும். இவற்றுக்குக் கஞ்சியும் வேண்டாம், அதிக இஸ்திரியும் வேண்டாம். பித்தானுக்குப் பதில் ஜிப் வந்தது. பருத்தி ஏப்ரனுக்குப் பதில், ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திவிட்டு எறியும் பிளாஸ்டிக் ஏப்ரன் வந்தது. தொற்றுத் தடுப்பில் இது உண்மையான முன்னேற்றம். இழப்பும் ஒன்று உண்டு: மருத்துவமனைச் சலவைக்கூடங்கள் மூடப்பட்ட இடங்களில், துவைக்கும் பொறுப்பு செவிலியரின் வீட்டுக்குப் போனது. பணி முடிந்து களைத்து வருபவர் தன் சீருடையைத் தானே துவைத்துக் காயவைக்க வேண்டியதாயிற்று.

விறைப்பான கஃபுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?

விதிப்படியே அதற்கு இடமில்லாமல் போனது. 2007இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, நோயாளியைத் தொடும் எவரும் முழங்கைக்குக் கீழே துணி, கைக்கடிகாரம், (எளிய திருமண மோதிரம் தவிர) நகை அணியக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கையை நன்றாகக் கழுவ முடிய வேண்டும் என்பதே காரணம். சீருடை வழியாக நோய் பெருமளவு பரவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. இந்த விதி மருத்துவர்களுக்கும் பொருந்தும். அவர்களும் நீளக்கை வெள்ளைக் கோட்டைக் கழற்றினார்கள்.